மடித்துக் கீறிய முகம்

“வல்லிபுரம், எனக்கு எப்ப இரண்டு மறு வந்தது?” என்று, வல்லிபுரத்தார் வரைந்து தந்த தன் படத்தைப் பார்த்து உடையார் கேட்டார்.

“கதவு கீறுற பழக்கம் ஐயா. ஒரு பாதியைக் கீறி, தாளை மடிச்சு மற்றப் பாதியைப் பதிக்கிறனான்.”

“அப்ப நான் கதவோ?”

“இல்ல ஐயா. வலப்பக்கத்தைப் பாத்துத்தான் கீறினன். இடக்கண்ணைக் கொஞ்சம் பாருங்க.”

பிறந்த நாள் முதல் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்த உடையாரின் இடக்கண், படத்தில் நேராகப் பார்த்தது.

“மறு கிடக்கட்டும்,” என்றார் உடையார்.

படத்தின் கீழே தமிழிலும் இங்கிலீசிலும் பெயர் எழுத வந்திருந்த பள்ளிக்கூடத்து இராசமணி ரீச்சர் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். ஆனால் வல்லிபுரத்தாரின் முகம் தெளியவில்லை. வீடு கட்டுகிறவர்களுக்குக் கதவும் தூணும் கீறிக்கொடுத்த மனிதர் முதன்முதலாகக் கீறிய முகம் இது. அரசாங்கக் கச்சேரிச் சுவரில் தொங்கப் போகிறது. அங்கே உடையாரைத் தினமும் காணும் வெள்ளைக்காரத் துரை பார்த்தால், வல்லிபுரத்தாரின் பெயர் அன்றோடு போய்விடும்.

உடையார் வெற்றிலை துப்ப வெளியே போனதும் வல்லிபுரத்தார் இராசமணியின் பக்கம் குனிந்தார்.

“புள்ள, வலப்பக்க மறுதான் மெய் எண்டு இங்கிலீசில மட்டும் சின்னனா ஒரு வரி போட்டுவிடு. ஐயாவுக்கு அது வாசிக்கத் தெரியா. கண்ணைப் பத்தி ஒண்டும் எழுதிப்போடாத.”