காதைத் தவிர

மோக் அண்ணன் ஷாம் ஷுய் போ சந்தையில் பன்றி வெட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் குவுன் டோங்கில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தின் மேல்மாடியில் தாய்லாந்துக் குத்துச்சண்டை போடுவார். மற்ற நாட்களில் மத்தியானம் சந்தை ஓய்ந்ததும் நேரே எங்கள் கடைக்கு வந்துவிடுவார். எங்கள் கடையில் விற்பது இயர்போன்கள். சாதாரண இயர்போன் இல்லை, ஒரு ஜோடிக்குக் காசு சேர்ப்பதற்குள் கல்யாணம் தள்ளிப்போய்விடும். அதனால் வாங்குகிறவனைவிட, உட்கார்ந்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கேட்டுவிட்டுப் போகிறவனே அதிகம். கவுன்டரில் நிற்பவள் நான், ஃபாங். எனக்குப் பொறுமை கிடையாது. இந்தக் கூட்டத்தை மேய்த்தால் யாருக்குத்தான் இருக்கும்.

அண்ணன் உள்ளே வந்ததும் கையை இரண்டு தரம் கழுவுவார். அப்படியும் ரத்த வாடை போகாது. எதைக் காதில் செருகினாலும் கறிக்கடைக் கணக்கில்தான் தீர்ப்பு வரும்.

"இதுல கொழுப்பு ஜாஸ்தி, எலும்பே இல்ல."

"தோலு மொறுமொறுன்னுதான் இருக்கு, உள்ள கறி வேகல."

கேட்டு மற்றவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அவர் வேகவில்லை என்று சொன்னதை அதற்கப்புறம் ஒரு பயலும் தொடமாட்டான். சண்டையில் அடி வாங்கி வாங்கி அவர் காது மடல்கள் இரண்டும் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருக்கும். உள்ளே இருந்ததோ பொன். பெண்டாட்டி பிள்ளை என்று யாரும் இல்லாத மனுஷனுக்கு அந்தக் காதுகள்தான் எல்லாம்.

எங்கள் கடையில் அடிதடி புதிதில்லை. ஒருமுறை ஒருத்தன் ஒயரை மாற்றினால் சத்தம் மாறும் என்றான், இன்னொருத்தன் ஒயர் ஒயர்தாண்டா என்றான். ஸ்டூல் உடைந்தது, ஒரு பல்லும் போனது. அண்ணன்தான் இரண்டு பேரையும் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிப் பிரித்தார்.

"எங்க வேணா அடிச்சுக்குங்கடா. மூக்க ஒடைங்க, முட்டிய ஒடைங்க. காதுல மட்டும் எவன் கை பட்டுச்சோ, அவன் கை நாளைக்கு என் கடை கொக்கியில தொங்கும்."

அன்றிலிருந்து அதுதான் கடைச் சட்டம். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவர் அப்பன் குடித்துவிட்டு வந்தால் காதோடு சேர்த்துத்தான் அறைவானாம். அறை விழுந்தால் பையனுக்கு நாள் கணக்கில் ஒரே இரைச்சலாக இருக்குமாம். இரைச்சல் அடங்கி முதலில் எந்தச் சத்தம் திரும்ப வருகிறது என்று காத்துக்கொண்டே கிடப்பாராம். பாவி மனுஷன், அப்படித்தான் கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

அவருக்குச் சரிக்குச் சரி வாயாடுகிறவன் செட்டோ. காப்பீட்டு ஆபீசில் வேலை, இஸ்திரி கலையாத சட்டை, தென்னங்குச்சி உடம்பு. ஒவ்வொரு இயர்போனைப் பற்றியும் இணையத்தில் முழ நீளத்துக்கு எழுதுவான். அண்ணன் அவனைக் காகிதப்புலி என்பார், அவன் இவரைப் பன்றிக்கடை என்பான். பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில்தான் உட்காருவார்கள்.

அண்ணன் ஏறி இறங்காத கடையில்லை, ஒப்பிட்டுப் பார்க்காத ஜோடியில்லை. கடைசியில் ஒன்றை வாங்கினார். துப்பாக்கித் தோட்டா வடிவம், எந்தப் பக்கத்தை எந்தக் காதிலும் செருகலாம். வாங்கிய வாரமே சனிக்கிழமை அதைத் தன்னுடையதோடு ஒப்பிட்டு எழுதவேண்டும் என்று செட்டோ இரவல் கேட்டான். கொடுத்தார். மறுநாள் அவருடைய சண்டையைப் பார்க்க நானும் போயிருந்தேன். எதிராளியின் முழங்கை அண்ணனின் வலது காதில் முழுசாக இறங்கியது. இவர் தள்ளாடினார். அப்புறம் அவன் விலாவில் முட்டியை ஏற்றி ஏற்றி, அவன் வாந்தியெடுத்து விழும்வரை விடவில்லை. ஜெயித்த மனுஷன் கையைத் தூக்கவில்லை. காதில் தண்ணீர் புகுந்த நாய்போல் தலையை உதறிக்கொண்டே இறங்கினார்.

திங்கட்கிழமை செட்டோ இரவலைத் திருப்பிக் கொடுத்தான். அண்ணன் செருகிக் கேட்டார். பிடுங்கினார், துடைத்தார், மறுபடி செருகினார். முகம் இறுகியது.

"வலது பக்கம் பேஸே இல்ல, அந்தக் கனத்த சத்தமே காணோம். என்னடா பண்ணின?"

"நான் ஒண்ணும் பண்ணலயே."

"உள்ள இருந்தத மாத்திட்டியா? இல்ல கீழ போட்டியா?"

"அண்ணே, பூ மாதிரி வச்சிருந்தேன். நல்லாத்தான் இருக்கு."

அண்ணன் அவன் காலரைப் பிடித்துக் கண்ணாடி அலமாரியில் மோதவைத்தார். கண்ணாடி சில்லுசில்லாகக் கொட்டியது. "கைய எடுங்கண்ணே" என்று நான் கத்தினேன். யார் காதில் விழுந்தது. செட்டோவின் உதடு கிழிந்திருந்தது. அவனும் சும்மா இருக்கலாம் இல்லையா? வாய்க்கொழுப்பு.

"இயர்போன்ல ஒண்ணுமில்ல, உன் காதுலதான் கோளாறு. வாராவாரம் குத்து வாங்குறல்ல? செத்துப்போச்சு உன் காது. போய்ப் பன்னிய வெட்டு."

அண்ணனின் வலது கை விரிந்தது. அவ்வளவு அகலமான உள்ளங்கையை நான் பார்த்ததில்லை. அது செட்டோவின் இடது காதில் அப்படியே அப்பியது. அவன் சுழன்று இரண்டு ஸ்டூல்களோடு தரையில் விழுந்தான்.

காதில் அடித்துவிட்டார். சட்டம் போட்டவரே அடித்துவிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இயர்போனைப் பிடுங்கி, வலது பக்கத்தை அவருடைய இடது காதில் திணித்தேன், இடது பக்கத்தை வலது காதில். அதே பாட்டை வைத்தேன்.

"இப்பச் சொல்லுங்க. பேஸ் எந்தப் பக்கம் இல்ல?"

வலது பக்கத்தில் கோளாறு என்றால் அது இப்போது இடது காதுக்கு வந்திருக்க வேண்டும். அண்ணனின் கை தானாக எழுந்து வலது காதைப் பொத்தியது. சந்தையில் எத்தனையோ ரத்தம் பார்த்த முகம், சுண்ணாம்பாக வெளுத்தது.

"வலது காதுலதான் இல்ல" என்றார்.

செட்டோ எழுந்து வந்தான். "குடு, நானும் கேக்குறேன்" என்று பிடுங்கிச் செருகினான். இவரை இன்னும் நாலு வார்த்தை கேட்கத்தான் அந்த வேகம். ஆனால் பக்கம் மாற்றிச் செருகினான். திரும்ப மாற்றினான்.

"ஃபாங், எனக்கு இடது பக்கம் கேக்கல. ங்ஙொய்னு மட்டும் வருது."

அண்ணன் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கப்பன் கை" என்றார்.

அப்புறம் அந்த மலை போன்ற மனுஷன் உடைந்த கண்ணாடியின் மேலேயே மண்டிபோட்டார். தலையைச் சாய்த்து, மிச்சமிருந்த நல்ல காதை, இடது காதை, செட்டோவுக்குக் காட்டினார்.

"அடிடா. இங்க அடி. உன் பலத்தையெல்லாம் வச்சு அடி."

செட்டோ கையை ஓங்கினான். அவனுக்கு அழுகையும் வெறியும் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு மனசு வரவில்லை, அதுதான் உண்மை. அடித்தான். மூக்கில் அடித்தான். மறுபடி மூக்கில், வாயில், தாடையில். ஆபீஸ் கையின் தோல் உரிந்து ரத்தம் சொட்டும்வரை அடித்தான். அண்ணன் காதை நீட்டியபடியே இருந்தார். "காதுலடா, காதுலடா" என்று கெஞ்சினார். அவர் மூக்கு உடைந்து சட்டையெல்லாம் சிவப்பு. ஓர் அடிகூட காதுப் பக்கம் போகவில்லை.

கை சலித்து அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"உனக்குத்தான் அது வரும். எனக்கு வராது" என்றான்.

இரண்டு பேரையும் ஒரே டாக்சியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். செட்டோவின் செவிப்பறையில் விழுந்த கிழிசல் மூன்று மாதத்தில் மூடிவிட்டது. அண்ணனுக்கு மூடவில்லை, வலது காதில் ஏற்கனவே இருந்த ஓட்டை அந்த முழங்கை அடியில் பெரிதாகிவிட்டது என்றார்கள். குத்துச்சண்டையை விட்டுவிட்டார். கடைக்கு இப்போதும் வருகிறார், கையை இரண்டு தரம் கழுவுகிறார். இடது காதில் மட்டும் செருகிக்கொண்டு, கறி வெந்திருக்கிறதா என்று செட்டோவிடம் கேட்கிறார்.