தெல் மட்டும் தெரிந்த அத்தை

அம்மா அப்பா போன பிறகு எனக்கென்று இருப்பது தம்பி ஒருவன்தான். அவனும் வேலைக்கென்று ஸ்பெயினுக்குப் போய் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். அவன் மகளுக்கு ஆறு வயது. அவளுக்குத் தெரிந்தது ஸ்பானிய மொழி மட்டும். நானோ மலேசியாவில், லாபு தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. தமிழ், மலாய், அவசரத்துக்கு ஆங்கிலம். போனில் அவள் சிரிப்பாள், நானும் சிரிப்பேன், பேச்சு முடிந்துவிடும். சிரித்தே எத்தனை நாள் ஓட்டுவது? அவள் குரலுக்கு ஏங்கிப் போய்தான் போன வருஷம் படிக்க உட்கார்ந்தேன்.

அந்த மொழியில் 'அ' என்றால் நம்முடைய 'க்கு'. 'தெ' என்றால் 'இருந்து'. ஆண்பால் சொற்களுக்கு முன்னால் 'எல்' என்று ஒன்று வரும். அது 'அ'வோடு சேர்ந்தால் 'அல்'; 'தெ'யோடு சேர்ந்தால் 'தெல்'. பெண்பாலுக்கு வரும் 'லா' மட்டும் எதோடும் ஒட்டாமல் தனியாகவே நிற்கும். அதை எனக்குப் பிடித்துப் போயிற்று.

சிக்கல் 'அல்' பாடத்தில் வந்தது. பாடம் முழுக்க ஒரே கேள்வி: அதோந்தே வாஸ், எங்கே போகிறாய். கிளம்புகிறவர்களை அப்படிக் கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. கேட்டுவிட்டால் அவர்கள் திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். படித்தவள்தான், ஆனாலும் வாய் வரவில்லை. அந்தப் பாடத்தைத் தாண்டிவிட்டேன்.

ஆகவே போனில் நான் கேட்டதெல்லாம் எங்கிருந்து வருகிறாய் என்றுதான். 'தெல் கொலேஹியோ' என்பாள், பள்ளியிலிருந்து. 'தெல் பார்க்கே' என்பாள், பூங்காவிலிருந்து.

"என்னாக்கா, பாதிதான் படிச்சியா? வந்ததையே கேக்குற, போறத கேக்கவே மாட்ற," என்று தம்பி கிண்டல் செய்தான்.

"வந்தா போதும்டா," என்றேன்.

இந்த வருஷம் மூவரும் வந்தார்கள். காரை விட்டு இறங்கியவளிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, 'தெல் அவியோன்', விமானத்திலிருந்து என்றாள். அழுதுவிட்டேன்.

இரண்டு வாரம் லுக்குட் கடைத்தெரு, கடல், ரொட்டி சானாய் என்று ஓடிப்போனது. கிளம்பும் காலை, பெட்டிகளை ஏற்றி, கதவைச் சாத்தி, தம்பி காரைக் கிளப்பிவிட்டான். நான் ஜன்னலோரம் குனிந்தேன்.

"அதோந்தே வாஸ்?"

"அல் அயெரோபுவேர்த்தோ, அத்தை." விமான நிலையத்துக்கு.

தம்பியின் முகம் மாறியது. "என்னாக்கா நீ, கெளம்புற நேரத்துல?" என்று முணுமுணுத்துக்கொண்டே காரை நிறுத்தினான். அவன் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் இறங்கினாள். மூவரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

வாய் தவறிக் கேட்டுவிட்டேன் என்று தம்பி நினைத்துக்கொண்டான். நானும் மறுக்கவில்லை. சமையலறைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய டம்ளராகப் பார்த்துத் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து குழந்தையிடம் கொடுத்தேன். அவள் தண்ணீரை மெதுவாகத்தான் குடிப்பாள்.