பர்மாவுக்குப் போன அண்ணனும் பின்லாந்துக்குப் போன மகளும்

மகள் பின்லாந்திலிருந்து வந்து இறங்கி மூன்று வாரம் ஆகிறது. ஊரில் இன்னும் ஒரே கேள்விதான்.

“அண்ணே, டாக்டருக்குப் படிக்க ஃபாரின் போவாக, இஞ்சினீயருக்குப் போவாக... சரித்திரம் படிக்கவா அம்புட்டு தூரம்? ராசா கட்டுன மகாலு நம்ம மதுரையிலதான இருக்கு?”

கேட்டவர் என் பட்டறைக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர். “அது நம்ம சரித்திரம்யா. அவ படிச்சது அவுக சரித்திரம்” என்றேன். மிடுக்காகத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு எனக்கே ஒரு சந்தேகம் – அவர்கள் சரித்திரம் நமக்கு எதற்கு?

பதில் சென்ற ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் கூடத்திலேயே கிடைத்தது.

இந்தப் பத்தியைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் நாலாங்கிளாஸ். எழுமலையிலிருந்து மாற்று வேட்டி இல்லாமல் மதுரைக்கு வந்தவன். இன்றைக்குச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்று மோட்டார் புகைந்தாலும் காயில் கட்ட என் பட்டறைக்குத்தான் வரும். விளாங்குடியில் மாடி வீடு. என் மகள் கலைச்செல்வி எம்.ஏ. அவளை ஒரு வருஷம் வைத்துப் படிக்கவைக்க ஒரு பின்லாந்து யுனிவர்சிட்டி கூப்பிட்டது. இங்கிருந்து ஒரு மாணவி அங்கே, அங்கிருந்து ஒருவர் இங்கே என்று ஏற்பாடு. சர்டிபிகேட்டுக்காகத் தல்லாகுளத்தில் ஆபீஸ் ஆபீஸாக நான்தான் ஏறி இறங்கினேன். “அது எங்கேய்யா இருக்கு?” என்று ஒரு ஆபீசர் கேட்டார். “ரஷ்யாவுக்குப் பக்கத்து வீடு சார்” என்றேன். நாலாங்கிளாஸ்காரன் சொன்னேன்!

அங்கே வகுப்பு என்றால் பத்துப் பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதாம். புரொபசரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். இவளுக்கு நாக்கு வளையவில்லை. கடைசிவரை ‘சார்’தான்.

நமக்கு மார்கழி நடக்கும்போது அங்கே இடுப்பளவு பனி. அந்தப் பனியில் புரொபசர் பிள்ளைகளை ஒரு சின்ன ஊருக்குக் கூட்டிப்போயிருக்கிறார். சர்ச்சை ஒட்டிக் கல்லறை. நம் பக்கம் பெண்பிள்ளைகள் சுடுகாட்டு வாசலை மிதிப்பதில்லை அல்லவா... இவள் கேட்டிலேயே நின்றுவிட்டாள். மற்றவர்கள் திரும்பிப் பார்க்கவும்தான் உள்ளே போனாள்.

வரிசை வரிசையாக, ஒரே உயரத்தில் கற்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் செத்த அந்த ஊர்ப் பையன்கள். செத்த இடத்திலேயே புதைத்துவிட்டு வரவில்லையாம். முடிந்த மட்டும் ஒவ்வொரு உடலையும் அவனவன் ஊருக்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். உடல் கிடைக்காதவனுக்கும் சொந்த ஊரில் பேர் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

கலை இதைப் பற்றித்தான் ஆராய்ந்து எழுதினாள். அந்த உடல்களைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைத்தவர்கள் அந்நாளில் இவள் வயதுப் பெண்கள். அப்படி ஒருத்தியை, இப்போது தலை நரைத்தவளை, தோழி ஒருத்தியின் துணையோடு போய்ப் பார்த்திருக்கிறாள். “முகத்துக்குத்தான் ரொம்ப நேரம் ஆகும். பெத்தவ பார்க்கணும்ல?” என்றாளாம் அந்த அம்மாள்.

எழுதியதை வகுப்பில் வாசித்து முடித்ததும் புரொபசர் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் ஊரிலிருந்தும் அந்த யுத்தத்துக்கு ஆள் போயிருப்பார்களே, திரும்பாதவர்களுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?

“பெரியம்மா முகம் வந்து நின்னுச்சுப்பா. வாயத் தொறக்க முடியல” என்றாள் மகள்.

பெரியம்மா என்றால் என் மதினி. என் அண்ணன் மனைவி.

அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போனார். திரும்பவில்லை. செத்தார் என்றும் சேதி இல்லை, இருக்கிறார் என்றும் சேதி இல்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பேன். அண்ணனுக்கு இறைக்க மாட்டேன். உயிரோடிருப்பவனுக்கு இறைக்கலாமா?

மதினி கழுத்தில் தாலி இருக்கிறது. நெற்றியில் பொட்டு இருக்கிறது. ஆனால் கல்யாண வீட்டில் ஆலத்தி எடுக்கச் சுமங்கலிகளைக் கூப்பிடும் நேரம் பார்த்து, அவருக்குச் சமையற்கட்டில் ஏதாவது வேலை வந்துவிடும். யாரும் போகச் சொன்னதில்லை. யாரும் வரச் சொன்னதும் இல்லை. ஒரு பெண்ணை வாசற்படியிலேயே நாற்பது வருஷம் நிற்க வைக்க முடியுமா? முடியும். நாங்கள் முடித்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

மகளைப் பார்க்கச் சொந்தபந்தம் கூடியிருந்தது. ஆட்டுக்கறிச் சாப்பாடு. கூட்டத்தைக் கண்டால் எனக்கு வாய் சும்மா இருக்குமா? “எம்மக படிச்ச படிப்பு லேசுப்பட்டதில்ல. இனி எங்கண்ணன் எங்க போனாரு, என்ன ஆனாருன்னு அவளே தேடிக் கண்டுபிடிச்சிருவா” என்று அறிவித்தேன். “தேட முடியும்னுதாம்பா சொன்னேன்...” என்று கலை இழுத்தாள். நான் காதில் வாங்கவில்லை.

என் மனைவியின் அண்ணன், என் மச்சான், தலையை ஆட்டினார். “நல்ல காரியம் மாப்ள. சேதி தெரிஞ்சா, செய்ய வேண்டியதச் செஞ்சு முடிச்சிரலாம்.”

செய்ய வேண்டியது என்றால் என்ன என்று அந்தக் கூடத்தில் தெரியாதவர் இல்லை. அறுபது வயதில் பூவும் பொட்டும் வைத்து நடுவில் உட்காரவைத்து, வளையலை உடைத்து, தாலியை இறக்குவது. நான் பெருமை பேசிய பேச்சு அங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சமையற்கட்டு வாசலில் மதினி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

“ஏந்தாயி... பொணத்தக் குளிப்பாட்டுனாளே ஒருத்தி, பேரு தெரியாதவன் வந்தாலும் குளிப்பாட்டுவாளாமா?”

“குளிப்பாட்டுவாங்களாம் பெரியம்மா.”

“நம்மாளையும் எவளாவது குளிப்பாட்டியிருப்பாளா?”

கலை படித்தவள், தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டாள். “தெரியல பெரியம்மா. தேடினாலும் அது தெரியாமப் போகலாம்” என்றாள்.

மதினி என் பக்கம் திரும்பினார். “தேடட்டும் தம்பி. நான் வேணாங்கல. ஆனா சேதி வந்தா மொதல்ல எங்காதுல சொல்லணும். அப்புறந்தேன் ஒங்களுக்கு, ஊருக்கு எல்லாம். அழுகுறதா, அறுக்குறதா, இல்ல ஒண்ணுமே செய்யாம இப்பிடியே இருக்குறதாங்குறத நான் சொல்வேன்.”

மச்சான் விடவில்லை. “அதெப்பிடிக்கா? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

“முறை தெரிஞ்சவுக இம்புட்டு நாளு எங்க போயிருந்தீக?”

மச்சான் இலையைப் பார்த்துக்கொண்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்குப் பெரியவன் நான்தானே... பட்டறையில் இருபது ஆளை மேய்க்கிறவன்.

“மதினி சொன்ன மாதிரியே நடக்கும்” என்றேன். “இந்த வீட்டுல அதுக்கு மேல பேச்சு கெடையாது.”

சாப்பாடு முடிந்ததும் கலை பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணனுக்கு என்ன வயது, எந்தப் பட்டாளம், உடம்பில் என்ன அடையாளம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் முந்திக்கொண்டு, “நல்ல ஒசரம்மா அண்ணன்” என்றேன்.

“ஒசரமெல்லாம் இல்ல. நீங்க அப்ப சின்னப்புள்ள, ஒங்களுக்கு ஒசரமாத் தெரிஞ்சிருக்கும்” என்றார் மதினி. “எடது கால்ல கொதிக்கிற பாகு கொட்டுன தழும்பு. தூங்குறப்ப ஒரு கண்ணு பாதி தெறந்திருக்கும்.”

அண்ணனைப் பற்றி மதினி பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். நாங்கள் யாரும் கேட்டதில்லை. பின்லாந்தில் எவரோ ஒரு புரொபசர் கேட்டு, அது விளாங்குடி வரைக்கும் வர வேண்டியிருந்தது.

“நீங்க கொஞ்சம் வெளிய இருங்க தம்பி” என்றார் மதினி. போனேன். என் வீட்டிலிருந்து என்னை எழுந்து போகச் சொல்ல அவருக்கு இல்லாத உரிமையா?

இதை எழுதலாமா என்று மதினியிடம் கேட்டேன். “எழுதுங்க, பேரு மட்டும் வேணாம்” என்றார்.

டீக்கடைக்காரர் இதைப் படித்துவிட்டு நாளைக்கே கேட்பார் – “சேதி வந்துச்சாண்ணே?” நீங்களும் கேட்பீர்கள். கேட்காதீர்கள். வந்தாலும் முதலில் எனக்கே தெரியாது!