பாக்கியம் சிஸ்டரின் ரோஜா நிறச் சுவர்

சென்ற வாரம் ஒரு காலை நேரம், நிலக்கடலைக் காட்டில் களை எடுப்பவர்களுடன் நான் நின்றிருந்தேன். என் மனைவி வரப்பின் மேல் வேகமாக வருவதைப் பார்த்ததும் மனம் துணுக்குற்றது. முழங்கால் வலிக்காரர், அவசியமில்லாமல் வேகமாக நடக்கமாட்டார்.

“ஏனுங்க, ஊட்டுக்கு வாங்க. மலையிலிருந்து அந்தோணி வந்திருக்காருங்க. குடுத்த தண்ணியக் கையில வெச்சுட்டுக் குடிக்காம உக்காந்திருக்காருங்க.”

தேவிகுளத்துக்கு அப்பால், நான் பல ஆண்டுகள் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்த தேயிலைத் தோட்டத்தில், ஆஸ்பத்திரி வண்டி ஓட்டுபவர் அந்தோணி. என்னைக் கண்டதும் எழுந்தார்.

“சிஸ்டரம்மா போயிட்டாவ, சார். முந்தாநாள் சாயங்காலம். வார்டைச் சுத்திப் பார்த்துட்டு வந்து பங்களாவுல முக்காலியில உக்காந்தாவ. காப்பி கொண்டுவந்து குடுக்கதுக்குள்ள தலை சாஞ்சுட்டு. நேத்தே கெளம்புனேன், சார். மறையூருக்கு மேல மண்ணு சரிஞ்சு பாதை அடைஞ்சுபோச்சு. இந்நேரம் அடக்கம் முடிஞ்சிருக்கும்.”

பாக்கியம் சிஸ்டரை மழையும் மண்சரிவும் வாழ்நாளெல்லாம் அலைக்கழித்தன. கடைசியில் அவர் முகத்தை நான் பார்க்க முடியாமல் செய்ததும் அவைதான்.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். அன்னபாக்கியம் என்பது முழுப் பெயர். திருநெல்வேலிச் சீமையில் செம்மண் தேரிப் பக்கம் பிறந்தவர். மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்து, இளவயதிலேயே மலையேறியவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. குட்டையான உருவம், வெள்ளைச் சேலை, ஆளைவிடப் பெரிய கறுப்புக் குடை. தோட்டத்தில் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோர் முதலில் கண்டது அவர் முகத்தைத்தான்.

நான் பணியில் சேர்ந்த புதிதில், அம்மை குத்தப் பள்ளிக்கு வந்தார். ஊசியைக் கண்டதும் பிள்ளைகள் சன்னல் வழியாகக் குதிக்கத் தயாரானார்கள். சிஸ்டர் கதவை அடைக்கவில்லை, அதட்டவில்லை. “முதல்ல ஒங்க சாருக்கு. சார் அழுதாவன்னா நீங்க எல்லாரும் வீட்டுக்குப் போயிரலாம்” என்றார். அத்தனை கண்களும் என் முகத்தில். நான் அழவில்லை, அழுகைக்கு வெகு அருகில் போய்த் திரும்பினேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வரிசையில் வந்தார்கள். யாரையும் பிடித்து இழுக்காமல் வரச் செய்வது அவருடைய வழி. பின்னால் சொல்லப்போவதும் இதுவேதான்.

எழுபதாம் ஆண்டு வாக்கில் ஒரு ஆடிமாதம். தோட்டத்தின் மேற்பகுதியான மேல் டிவிஷனிலிருந்து செல்லத்தாயி என்ற பெண்ணைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதல் பிரசவம். வழியில் மண் சரிந்து பாதை மூடிவிட்டது. ஆள் ஓடிவந்து சொன்னதும் சிஸ்டர் குடையோடு ஏறினார். நானும் பின்னால் போனேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, கொட்டும் மழையில், நாங்கள் குடை பிடிக்க அவர் தம்மாலான எல்லாம் செய்தார். தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவில்லை.

இறங்கி வந்ததும் சிஸ்டர் ஆஸ்பத்திரி வாசலில் குடையை மடக்கியபடி சொன்னார்: “சார், இனி நாம மேல ஓடுறதுல பிரயோசனம் இல்ல. மாசம் நெறஞ்ச பிள்ளைத்தாச்சி மழைக்கு முன்னாலயே இங்கன வந்து இருக்கணும். அதுக்கு ஒரு வீடு வேணும்.”

வீடு கண்ணெதிரே இருந்தது. ஆஸ்பத்திரிக்கு மேலே, சரிவில், விக்டோரியா ராணி காலத்தில் வெள்ளைக்காரத் துரை கட்டிய பங்களா. கணப்படுப்பின் இரும்பு முகப்பில் ராணியின் கிரீடம் வார்க்கப்பட்டிருக்கும். வெள்ளைக்காரர்கள் போனபின் அதில் யாரும் குடியிருக்கவில்லை. ஓடு சரிந்து, பலகைத் தரை உளுத்து, சன்னலுக்குச் சன்னல் கண்ணாடி உடைந்து கிடந்தது. முன்கூடமும் அதையடுத்த படுக்கையறையும்தான் சுவர் உறுதியாக நின்றவை.

அப்போதைய மானேஜர் கோட்டயத்துக்காரர். தோட்டத்து வழக்கப்படி அவரையும் ‘துரை’ என்றுதான் அழைத்தோம். நல்ல மனிதர், மேலிடத்துக்குக் கட்டுப்பட்டவர். சிஸ்டர் அவரிடம் போய் வீட்டைக் கேட்டார்.

“சிஸ்டரே, ஆ பங்களா பொளிச்சு மரம் விக்கான் ஆர்டர் ஆயிப்போச்சு. அடுத்த மழைக்கு முன்னே அங்கே ஆள் தாமசிச்சா வீடு உங்களுக்கு. இல்லெங்கில் மழை கழிஞ்ஞா பொளிக்கும். காசு மாத்திரம் சோதிக்கருது.”

அதாவது, அடுத்த மழைக்குள் ஆள் தங்கினால் வீடு பிழைக்கும், இல்லாவிட்டால் மழை முடிந்ததும் மரத்தை விற்க இடித்துவிடுவார்கள், பணம் மட்டும் கேட்கக்கூடாது. சிஸ்டர், “சரி தொரை. மனசு மாறிராதீய” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்க வேண்டிய காலம். பெர்மிட் கிடைத்தாலும் வாங்கக் காசு இல்லை. தோட்டத்தில் எதை எறிகிறார்கள் என்று அவர் பார்க்க ஆரம்பித்தார். உடைந்த தேயிலைப் பெட்டிகளின் பலகை கூரைக்கு அடிப்பக்கமாயிற்று. பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாள் ஈரம் கசியும் சுவரில் பூச்சுக்கு அடியில் போயிற்று. நிழலுக்கு நட்டு, காற்றில் சாய்ந்த சில்வர் ஓக் மரத்தை அறுத்துத் தரைக்குப் போட்டார்கள். மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை வாங்கி வந்து, சீமெண்ணெயில் உருக்கி, அந்தப் பலகையில் தேய்த்து மினுக்கினார். மைதாமாவு வந்த சாக்குகளைத் துவைத்து, தேயிலைத் தூள் கொதித்த சாற்றில் முக்கித் திரைச்சீலை தைத்தார். எல்லாச் சன்னல்களிலும் உடையாமல் தப்பிய கண்ணாடிகளைக் கழற்றி இரண்டு அறைகளுக்கு முழுதாகச் சேர்த்தார். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் அந்தோணியும் நானும் அங்கே போய்விடுவோம். “சாருக்கு ஆணி அடிக்கத் தெரியாது, ஆணியைப் பிடிக்கத் தெரியும்” என்று எனக்கு நற்சான்றிதழ் வழங்கினார்.

முன்கூடச் சுவர்களில் வெள்ளைக்காரத் துரையின் மனைவி ஒட்டியிருந்த பூப்போட்ட காகிதம் நைந்து தொங்கியது. அதைச் சுரண்டும்போது பழைய அலமாரிக்குப் பின்னால் முழங்கையகலத்துக்கு ஒரு துண்டு சேதமில்லாமல் இருந்தது. இளஞ்சிவப்பு ரோஜாக்கள். சிஸ்டர் அதன் முன் நெடுநேரம் நின்றார். “இதை எடுக்க வேண்டாம். இந்த நெறத்துலயே எல்லாச் சுவத்தையும் அடிச்சிருவோம்” என்றார். சுண்ணாம்பில் காவியைச் சிட்டிகை சிட்டிகையாகக் கலந்து, பூசிக் காயவிட்டு, ரோஜாவோடு ஒப்பிட்டு, மறுபடி கலந்து, மறுபடி பூசி, அந்த நிறம் வரும்வரை விடவில்லை. வெள்ளைச் சேலையைத் தவிர வேறு கட்டாத அவருக்கு நிறத்தின்மேல் இத்தனை ஆசை இருந்தது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சித்திரையில் வேலை முடிந்தபோது, மாலை வெயில் அந்தச் சுவரில் விழ, அவர் கதவருகே நின்று, “தொரைசாணி பார்த்தா அவளே பொறாமைப்படுவா” என்று சிரித்தார்.

முதலில் வந்தவர் மேல் டிவிஷனைச் சேர்ந்த மாடத்தி. நிறைமாதம். அவர் பின்பக்கமாக, அடுக்களை வாசல் வழியாக வந்தார். சிஸ்டர் கையைப் பிடித்துக் கூடத்தை ஒட்டிய படுக்கையறைக்கு அழைத்துப்போனார். மாடத்தி சுற்றிலும் பார்த்தார். பிறகு மூலையில் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்துக் கூட்டத் தொடங்கிவிட்டார்!

“ஏளா, என்ன செய்த? ஒன்னைய வேலைக்கா கூப்பிட்டேன்? அந்தக் கட்டில்ல படு.”

“இதுலயா? இது தொரை படுத்த எடம்லா, சிஸ்டரம்மா?”

“தொரை சீமைக்குப் போய் எத்தனையோ வருசமாச்சு. திரும்பி வந்தா நான் பதில் சொல்லிக்கிடுதேன்.”

மாடத்தி சிரித்தார், ஆனால் கட்டிலில் படுக்கவில்லை. அடுக்களையில் அடுப்போரம் முடங்கினார். மூன்றாம் நாள் எழுந்து, “அவ்வளவு சுத்தமான ரூம்புல மூச்சு முட்டுது, சிஸ்டரம்மா” என்று சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறி, தொழிலாளர் குடியிருப்பான தம் லைன் வீட்டுக்கே போய்விட்டார். அவருக்குப் பின் வந்த பெண்களும் அடுக்களை வாசலோடு திரும்பினார்கள்.

இதில் வியப்பில்லை. பள்ளியில் புதிதாகச் சேரும் பிள்ளை, முன்பெஞ்சு காலியாக இருந்தாலும் கடைசி பெஞ்சில்தான் போய் உட்காரும். ‘முன்னால் வா’ என்று எத்தனை அன்பாகச் சொன்னாலும் அந்தப் பிள்ளைக்கு அது தண்டனையாகத்தான் தோன்றும். தலைமுறை தலைமுறையாக அந்தப் பங்களாவில் அடுக்களைத் தாழ்வாரத்தைத் தாண்டாதவர்கள், அழகான அறையைக் கண்டால் துடைக்கத்தான் நினைப்பார்கள். அதில் படுக்க அவர்களுக்கு மனம் வராது.

மழைக்கு நாள் நெருங்கியது. தொலைவில் இடி கேட்கத் தொடங்கியிருந்தது. மாடத்தி மேலே இருந்தார். பாதை செல்லத்தாயியை விடாத அதே பாதை.

ஒரு மாலை நான் பங்களாவுக்குப் போனபோது முன்கூடத்திலிருந்து புகை வந்தது. பதறி உள்ளே ஓடினேன். அடுக்களை அடுப்புக் கற்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து, கிரீடம் போட்ட கணப்படுப்பில் வைத்து, சிஸ்டர் கருப்பட்டிக் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். புகைபோக்கி பாதி அடைந்து கிடந்ததால் புகை அறைக்குள்ளே சுருண்டு, ரோஜா நிறச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது.

“சிஸ்டர், சுவர்! எத்தனை நாள் பாடு!”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகையால்தானா என்று நான் கேட்கவில்லை. “பொகையட்டும், சார். நான் எனக்குப் பிடிச்ச மாதிரி வீடு கட்டிட்டேன். அவளுக எப்படி வருவாளுக?”

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்கள், சிஸ்டர் தினமும் தரும் காப்பிக்காக வழக்கம்போல அடுக்களைப் பக்கம் நின்று, “காப்பி இல்லையா, சிஸ்டரம்மா? அடுப்பைக் காணுமே?” என்றார்கள்.

“உள்ள இருக்கு. குளிருதுன்னா உள்ள வாங்க. வேண்டாம்னா அங்கனயே நடுங்குங்க.”

ஒருத்தி எட்டிப் பார்த்தாள். பிறகு இன்னொருத்தி. இருமிக்கொண்டே உள்ளே வந்து, முந்தானையால் மூக்கைப் பொத்தி, “ஏயம்மா! தொரை வீட்டுல நம்ம வீட்டு நாத்தம் வந்துட்டுல்லா!” என்றாள். கூடமே சிரித்தது. அடுப்பைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். சிஸ்டர் முக்காலியில் இருந்து ஊற்றிக் கொடுத்தார். அன்றே மாடத்திக்கு ஆள் அனுப்பினார். ‘படுக்க வேண்டாம், காப்பி குடிக்க மட்டும் வா’ என்று. மாடத்தி இறங்கி வந்தார். காப்பி குடித்தார். சுவரில் சாய்ந்தார். அப்படியே உறங்கிப்போனார்.

அந்த வாரமே மழை பிடித்தது. மேல் பாதை அடைந்தது. மாடத்திக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பாக்கியம் என்றே பெயர் வைத்தார்கள்.

சொன்ன சொல்லைச் சரிபார்க்க மானேஜர் வந்தார். “எந்தா சிஸ்டரே, சுவரெல்லாம் கரி ஆயல்லோ!”

“ஆளு இருக்க வீட்டுல கரி இருக்கத்தான் செய்யும், தொரை.”

அவர் தரையில் உறங்கிய பெண்களைப் பார்த்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் வெளியே போனார். வீடு பிழைத்தது. அதன்பின், என் பணிக்காலம் முடியும்வரை, மேல் பாதையில் கம்பளியில் கட்டி யாரையும் இறக்க வேண்டிவரவில்லை.

நாளாக ஆகச் சுவரில் புகைக்கு மேலே எண்ணெய்க் கறை சேர்ந்தது. தலைக்கு எண்ணெய் தேய்த்த பெண்கள் வரிசையாகச் சாய்ந்து உட்கார்ந்த தடம். ஓய்வு பெறுவதற்கு முன் நான், “ஒருமுறை சுண்ணாம்பு அடித்துவிடலாமே, சிஸ்டர்? அதே நிறத்தில்?” என்றேன். அவருக்கு ஆசை இல்லாமலில்லை. அலமாரியைச் சற்று நகர்த்தி அந்த ரோஜாத் துண்டைப் பார்த்துவிட்டு மறுபடி மூடுவதை நான் ஒருமுறை கண்டிருக்கிறேன். ஆனாலும் சொன்னார்:

“வேண்டாம், சார். புதுசா வாற பிள்ளை முதல்ல சுவத்தைத்தான் பாக்கா. நமக்கு முன்னால ஒருத்தி இங்கன சாஞ்சிருக்கான்னு தெரிஞ்சாத்தான் அவளும் சாய்வா.”

அந்தோணியோடு நான் மலையேறியபோது மழை விட்டிருக்கவில்லை. கல்லறை மேட்டில் புதுமண்ணின் மேல் யாரோ அவருடைய கறுப்புக் குடையை விரித்து வைத்திருந்தார்கள். காற்று தூக்கிவிடாமல் காம்பைக் கல்லில் கட்டியிருந்தார்கள். அங்கே நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பது நினைவில்லை.

பிறகு பங்களாவுக்குப் போனேன். அவர் இல்லாத வீட்டில் நுழைய மனம் வராமல் முன்வாசல் படியில் நனைந்தபடி நின்றேன். உள்ளிருந்து நிறைமாதப் பெண் ஒருத்தி, எனக்கு முன்பின் தெரியாதவள், இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தாள்.

“யாரு சார் நீங்க? ஏன் அங்கனயே நிக்கீய? உள்ள வாங்க. நம்ம வீடுதான்.”

அந்த ஒரு சொல்லைக் கேட்க சிஸ்டர் அங்கே இல்லை. உள்ளே போனதும் நான் அழுதேன், அவள் அதைக் காணாதவள்போல அடுப்பை ஊதினாள்.

கூடத்தில் எல்லாம் அப்படியே இருந்தது. சுவரெங்கும், தரையில் அமர்ந்தவர்களின் தலைமட்டத்தில், எண்ணெய்த் தடங்கள். அடுப்போரம் முக்காலிக்கு நேராக மட்டும் ஒரு தடம், மற்றவற்றைவிட உயரத்தில், தனியாக. எத்தனை மாலைகள் சிஸ்டர் அங்கே சாய்ந்து, பெண்களின் பேச்சைக் கேட்டிருப்பார்!

“முக்காலியில உக்காருங்க, சார். காப்பி தாறேன்.”

நான் தயங்கினேன். பிறகு சுவரைப் பற்றி அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. உட்கார்ந்தேன், அந்தத் தடத்தில் என் தலையைச் சாய்த்தேன். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

சிஸ்டர், வெளியே மழை பெய்கிறது. பாதை மறுபடி அடைந்திருக்கலாம். வர வேண்டிய பிள்ளை முன்னாலேயே வந்து அடுப்போரம் இருக்கிறாள். குடையை வைத்துவிட்டு நீங்கள் உறங்குங்கள்.