சங்கென்று அழைத்த கூம்பு

என் அண்ணனின் சாவைப் பற்றிச் சேலையூரில் உலவிய கதைகள் பல. குடித்திருந்தார் என்றார்கள், மனைக்குற்றம் என்றார்கள். அப்பொய்களோடு என் ஊகத்தையும் சேர்த்து இன்னொரு பொய்யை உண்டாக்க எனக்கு மனமில்லை. ஆகவே, கண்ணால் கண்டதையும், பின்னர் உயிரியல் நூல்களோடு ஒப்பிட்டு உறுதிசெய்துகொண்டதையும் மட்டுமே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணன் வீடு கட்டினார். நிலை வைக்கும் நாளில் வாசற்காலின் அடியில் ஒரு சங்கைப் புதைப்பது எங்கள் வழக்கம். கடைச்சங்கு பலர் கைபட்டது, கடலிலிருந்து நேராக வந்ததே சுத்தம் என்பது அவர் பிடிவாதம். அன்று விடியலில் கோவளம் சென்று, மீனவர்கள் வலையிலிருந்து உதறிக் கொட்டியிருந்த குவியலில் ஒன்றைத் தேர்ந்து, ஈரத்துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். பழுப்பு வலைக்கோலமிட்ட அழகிய கூம்பு. அது சங்கே அன்று. சுருண்ட ஓடுடைய எதையும் சங்கென்று அழைக்கும் நம் சோம்பேறி நாக்குக்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை.

மஞ்சள்நீரில் கழுவுவதற்காக அதை உள்ளங்கையில் வைத்து மூடியவர், கையை உதறினார்.

"ஏதோ குத்திடுச்சுடா. முள்ளு மாதிரி."

கொத்தனார் சிரித்தார். "இன்னா சார், சங்கு குத்திச்சா? நெலைக்கு வைக்கச் சொன்னா உனுக்கே ஊதிக்கினியா?"

எல்லோரும் சிரித்தோம், அண்ணனும் சிரித்தார். சற்று நேரத்தில் அவர் உதடு மரத்தது. பொருளெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவதாகச் சொன்னார். ஆட்டோவில் ஏற்றித் தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றேன். மருத்துவர் பாம்பின் பல்தடம் தேடினார், இல்லை.

"சங்கு கடிக்குமா சார்? கட்டட டென்ஷன்ல காலையிலேயே ஆரம்பிச்சுட்டாரா?"

"அண்ணன் குடிக்க மாட்டார் டாக்டர். கையைப் பாருங்க, நீலமா இருக்கு."

"தூங்கட்டும். தெளிஞ்சிடும்."

இமை தூக்க முடியாததைத் தூக்கம் என்றும், நாக்குழறலைப் போதை என்றும் கொண்டார். நண்பகலுக்குள் மூச்சு நின்றது. அங்கே மனையில், நல்ல நேரம் தவறக்கூடாதென்று, கூம்பை நிலைக்கடியில் வைத்துச் சிமெண்டு பூசிவிட்டிருந்தார்கள்.

அவ்வோட்டுக்குள் வாழ்வது ஊன் உண்ணும் கூம்புநத்தை. அதன் பல் உள்ளீடற்ற ஈட்டி. நீளும் துதிக்கையின் நுனியிலிருந்து அதைப் பாய்ச்சி நஞ்சைச் செலுத்தும். நரம்பின் ஆணை தசைக்கு எட்டாது. இரை அசைவற்று நிற்கும். மனிதனுக்கோ மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும். இதற்கு மாற்றுமருந்து இல்லை. ஆனால் நஞ்சின் வேகம் தணியும்வரை பிறர் மூச்சுக் கொடுத்தால் பிழைக்க வழியுண்டு. அதற்கான, கையால் அமுக்கும் காற்றுப்பை மருத்துவமனையில் அண்ணன் கிடந்த கட்டிலின் தலைமாட்டிலேயே தொங்கியது. குடிகாரனுக்கு எதற்கு என்று அதை எவரும் தொடவில்லை. இதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதுமில்லை.

அந்த நத்தை எந்த இனம் என்பது தெரியாது. உரிய நேரத்தில் மூச்சுக் கொடுத்திருந்தால் அண்ணன் பிழைத்திருப்பாரா என்பதும் தெரியாது.