தவமணி ரீச்சரின் பொனற்

தவமணி ரீச்சர் போய்விட்டார் என்பதை அவருடைய தங்கை சைக்கிளில் வந்து சொன்னார். நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். “அக்கா விடியப்புறம் நித்திரையிலையே போட்டா, மாஸ்ரர்” என்றார். அந்த நேரம் எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, ஓர் ஆறுதல். வெட்கங்கெட்ட ஆறுதல். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, தங்கை மறுபடியும் என்னிடம் வந்தார். “முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் அடிக்கிறம். கோடு போட்ட கொப்பித்தாள்தான் கிடைச்சது. நீங்களும் நாலு வரி எழுதித் தாங்கோ” என்றார். நாலு வரியில் முடிகிற விஷயம் இல்லை இது.

மண்கும்பானில் இருந்தவர்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஒரே பள்ளிக்கூடத்தில் அவர் விஞ்ஞானம், நான் கணிதம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எண்பத்துமூன்றுக்குப் பிறகு லண்டனுக்குப் போன அவருடைய தம்பி தன் பழைய மொறிஸ் மைனரை அவரிடம் விட்டுவிட்டுப் போனார். பஸ் ஓடாத நாட்களில் ஊரின் வருத்தக்காரரை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்தக் கார்தான். ஓட்டியது ரீச்சர்தான்.

எங்கள் உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது. எஞ்சினை மூடும் முன்தகடான பொனற் சல்லடையாகி, மழைக்கு எஞ்சின் நனைந்து, கார் யாழ்ப்பாணம் போகும் பாலத்தின் நடுவே நின்றுவிடும். புதுப் பொனற்றுக்கு எங்கே போவது? தம்பிக்கு எழுதினார். அங்கே ஓட்டப்பந்தயக் கார்களுக்குக் கரிநாரிலேயே, அதாவது காபன் ஃபைபரிலேயே, பொனற் செய்கிறார்கள் என்று அவர் பெருமையாகப் பதில் போட்டிருந்தார். ரீச்சர் கடிதத்தை ஆசிரியர் அறையில் வாசித்துவிட்டுச் சிரித்தார். “கரிநாருக்கு நாங்கள் எங்கை போறது? வள்ளத்துக்குப் போடுற கண்ணாடி நார் இருக்குத்தானே, மாஸ்ரர். வாரும், செய்து பாப்பம்.”

மண்டைதீவில் வள்ளம் திருத்துபவர் ஒருவரிடம் நார்ப்பாயும் அதை ஒட்டும் றெசின் பசையும் வாங்கினோம். ரீச்சர் உடனே வேலையைத் தொடங்க விடவில்லை. முதலில் உள்ளங்கையளவு துண்டொன்று வார்க்கச் சொன்னார். “எதையும் கையளவு செய்து பாரும். பிழை வந்தாலும் கையளவோடை போகும்” என்றார். றெசினை இறுகவைக்கும் ஹாட்னரை நான் சொட்டுச் சொட்டாக எண்ணிக்கொண்டிருக்க, “கணக்கு மாஸ்ரர், நீர் எண்ணி முடிக்க இது கல்லாப் போடும்” என்று பகிடி பண்ணினார். அந்தத் துண்டு இறுகுமுன் அதன் முதுகில் ஆணியால் ‘1’ என்று கீறினார். இரண்டாவது துண்டு தேவைப்படவில்லை.

பழைய பொனற்றின் ஓட்டைகளை அடைத்து, அதன்மேல் நார்ப்பாய் விரித்து அச்சு எடுத்தோம். ஒட்டாமல் இருப்பதற்குப் பூச வேறொன்றும் அகப்படாததால், சீமெந்துத் தரைக்குப் போடும் சிவப்பு மெழுகைப் பூசினோம். அச்சிலிருந்து புதுப் பொனற் கழன்று வந்தபோது குங்குமத்தில் விழுந்து எழும்பியது போல் இருந்தது. உடம்பெல்லாம் நார் குத்திக் கடித்தது. ரீச்சர் சொறிந்துகொண்டே அதைத் தலைக்குமேல் தனியாகத் தூக்கிக் காட்டினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

பாரமில்லைத்தான். ஆனால் அப்பளம் போல நெளிந்தது. உள்பக்கம் விலாவெலும்பு மாதிரி இரண்டு முண்டு வைக்கவேண்டும். கடதாசியைச் சுருட்டி வைத்து, அதன்மேல் நார் ஒட்டச் சொல்லிவிட்டு ரீச்சர் பள்ளிக்கூடச் சோதனை மேற்பார்வைக்குப் போய்விட்டார். கடதாசிச் சுருள் எனக்கு நேராக நிற்கவில்லை. என் வீட்டில் மின்சார வேலையில் மிஞ்சிய பிளாஸ்ரிக் குழாய் கிடந்தது. இரண்டு துண்டு வெட்டினேன். ஒன்றுக்குள் பழைய வயர் சிக்கியிருந்தது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. ஆர் பார்க்கப்போகிறார்கள் என்று அப்படியே வைத்து ஒட்டி மூடினேன். பின்னேரம் வந்த ரீச்சர் விரலால் தட்டிப் பார்த்து, “கடதாசிதானே வைச்சனீர்?” என்று கேட்டார்.

“ஓம் ரீச்சர்” என்றேன்.

எங்கள் ஒழுங்கையில் இருந்த பரமேஸ்வரிக்கு அப்போது நிறைமாதம். கணவருக்குத் தென்பகுதியில் கடை. எண்பத்தெட்டில் ஒரு நாள் காலையில் பரமேஸ்வரிக்கு இரத்தம் போகத் தொடங்கியது. ரீச்சர் அவரையும் தாயையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். பாலத்துக்கு முன்னாலிருந்த இந்திய இராணுவச் சோதனைச் சாவடியில் சிப்பாய் ஒருவன் வழக்கம்போலப் பொனற்றைத் தட்டினான். தகரச் சத்தம் கேட்கவில்லை. திறக்கச் சொன்னான். உள்ளே புடைத்துக்கொண்டிருந்த முண்டைக் கத்தியால் பிளந்தான். குழாய் தெரிந்தது. குழாய்க்குள் வயர் தெரிந்தது. அந்தக் காலத்தில் குழாயும் வயரும் என்றால் குண்டு என்று உங்களுக்குத் தெரியும்.

இதைச் செய்தது யார் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். ரீச்சருக்கு அந்த நிமிஷமே எல்லாம் விளங்கியிருக்கும். முப்பது வயதுகூட ஆகாத ஓர் ஆணின் பெயரைச் சொன்னால் அவனைப் பிறகு யாரும் காணமாட்டார்கள் என்பதும் விளங்கியிருக்கும். “நான்தான்” என்றார். அவர்கள் நம்பவில்லை. வெயிலில் நின்று, றெசின் முதல் தரை மெழுகு வரை அரைகுறை ஆங்கிலத்தில் அவர்களுக்கு விளக்கியிருக்கிறார். விடுவதற்கு மூன்று மணித்தியாலம் ஆனது. அவ்வளவு நேரமும் பரமேஸ்வரி பின் சீற்றில் கிடந்தார். பிள்ளை ஆஸ்பத்திரியில் இறந்தே பிறந்தது.

அடுத்த நாள் பள்ளிக்கூட விறாந்தையில் ரீச்சர் என்னை மறித்தார். கண் வீங்கியிருந்தது. ஏசவில்லை. “ஆர் கேட்டாலும் குழாயை வைச்சது நான்தான். நீர் அந்தப் பக்கமே வரேல்லை. விளங்கிச்சோ?” என்றார்.

“ஓம் ரீச்சர்” என்றேன். அதே இரண்டு சொல்.

சங்கக்கடை வரிசையில் பரமேஸ்வரியின் தாய் எல்லோர் முன்னாலும் கத்தினார்: “கெட்டிக்காரி எண்டு காட்ட வெளிக்கிட்டு என்ர பிள்ளையின்ர வயித்தை எரிச்சுப்போட்டாள்!” ரீச்சர் தலை குனிந்து நின்றார். நான் அவருக்குப் பின்னால் மூன்றாவது ஆள். கையிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன்பிறகு அவருடைய காரைக் கேட்டு ஊரில் எவரும் வரவில்லை. அவசரம் என்றாலும் வருத்தக்காரரைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு போனார்கள்.

அந்தப் பொய் முதலில் என் உயிரைக் காத்தது. சோதனைச் சாவடிகளும் ஆட்களும் மாறிய பிறகு அது என் மானத்தை மட்டும் காத்தது. ஊரை விட்டு ஓடி வந்து கொக்குவிலில் இருந்தபோது, மண்ணெண்ணெய் வரிசையில் ஒரு நாள் அவரைக் கண்டேன். “ரீச்சர், நான் இப்ப சொல்லட்டோ?” என்று கேட்டேன். வெற்றுப் போத்தலை மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு, “சொல்லுறதெண்டால் சொல்லும், மாஸ்ரர். என்னட்டை உத்தரவு கேக்காதையும்” என்றார். நான் சொல்லவில்லை. அதனால்தான் கிணற்றடியில் அந்த ஆறுதல். தெரிந்த ஒரே ஆளும் போய்விட்டார்.

கார் ஊரில் அவருடைய வளவிலேயே நின்றுபோனது. ‘1’ என்று கீறிய அந்தக் கையளவுத் துண்டு மட்டும் ஓடி வந்தபோது என் பையில் வந்துவிட்டது. கைவிளக்கை அதன்மேல் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அதில் ஒரு பிழையும் இல்லை. ரீச்சர் பக்கத்தில் நின்று செய்வித்தது.

பரமேஸ்வரி, நீங்கள் அந்தியேட்டிக்கு வருவீர்கள் என்று தங்கை சொன்னார். குழாயை வைத்தது ரீச்சர் அல்ல, நான். வயர் இருப்பது தெரிந்தே வைத்தேன். கடதாசி என்று அவரிடம் பொய் சொன்னேன். நீங்கள் இத்தனை வருஷமும் அவரைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனீர்கள். அன்றைக்கு நான் படலையடியில் நிற்பேன். இனி என்னைப் பார்த்து முகத்தைத் திருப்புங்கள்.