மச்சினன் தொட்டால் கத்தும் நாய்

நான் குன்னத்துகாலில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். மனைவி பள்ளிக்கூட டீச்சர். வளைகுடாவில் பார்த்த வேலை பறிபோன அவளுடைய தம்பி எங்களோடு தங்க வந்தபிறகு, பகல் முழுக்க வீட்டில் அவனும் எங்கள் குட்டைக்கால் நாயும்தான்.

ஒரு சாயங்காலம் அவன் சங்கிலி மாட்டக் குனிந்ததும் நாய் வீறிட்டுக் கத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தது. நான் கூப்பிட்டதும் வந்தது. அவன் குளிக்கப் போன நேரம் மனைவியிடம் கேட்டேன்.

"உனக்க தம்பி இதை அடிக்கானோ?"

"அதுக்கு மீன்ல முள்ளு பாத்து எடுத்துக் குடுக்கது அவனாக்கும்." அவள் முகம் கறுத்துவிட்டது.

மிருக ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை கொடுத்தார். தின்றவரை சுகம், நிறுத்தியதும் பழைய கத்தல். ஒரு மத்தியானம் சொல்லாமல் வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவன் போன் பார்த்தபடி படுத்திருந்தான், நாய் அவன் காலடியில் தூங்கியது. நான் வருவதைப் பார்த்துவிட்டு அவன் நடிக்கிறான் என்றே எனக்குப் பட்டது.

மறுபடி கொண்டுபோனபோது டாக்டர் அதை நடக்கவிட்டுப் பார்த்தார். "மருந்து நிறுத்தினா வலி திரும்புது. இப்போ முன்னங்காலும் மடங்குது. இனி மாத்திரை எழுதிட்டு இருக்கப்பிடாது. திருவனந்தபுரத்துல நரம்பு பாக்குற ஸ்பெஷலிஸ்ட் உண்டு, இன்னைக்கே போங்க."

தன்னால் முடியாததை அங்கே தள்ளிவிடுகிறாரோ என்று அவரையும் சந்தேகித்தேன். ஆனாலும் போனோம். கார் ஓட்டியது மச்சினன்.

ஸ்பெஷலிஸ்ட் அம்மா ஸ்கேனைக் காட்டினார். கழுத்தில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. கழுத்துப்பட்டையைத் தொட்டாலே வலிக்கும்.

"யாராவது அடிச்சிருப்பாங்களா?" மச்சினன் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டேன்.

"அடிச்ச அடையாளம் இல்ல. இந்த இனத்துக்குத் தானாவே வரும். கட்டில்ல இருந்து குதிச்சாலும் வரலாம், சங்கிலியச் சுண்டி இழுத்தாலும் வரலாம். இன்னும் தாமசிச்சிருந்தா நடை போயிருக்கும்."

திரும்பும் வழியில் மச்சினன் கேட்டான்: "அத்தான், நான் இழுத்தேன்னு நெனைக்கேளா?"

"சே, அப்பிடியொண்ணும் இல்ல."

கண்ணாடியில் என்னைப் பார்த்தான். அவன் நம்பவில்லை.

கூண்டில் அடைத்து ஓய்வு கொடுத்து, மருந்தும் கொடுத்ததில் நாய் தேறிவிட்டது. இப்போது கழுத்துப்பட்டை இல்லை, மார்போடு சேர்த்துப் போடும் பெல்ட்தான். காலையில் அவன்தான் அதை நடத்திக்கொண்டு போகிறான். நான் பல் தேய்த்துக்கொண்டே வாசல் கேட் பக்கத்தில் நிற்பேன். ரப்பர் தோட்டத்து வளைவில் இரண்டு பேரும் மறையும்வரை என் கண் அவன் கையிலேயே இருக்கும்.